கடைசி நகல் வேண்டுமா?

அழிக்கப் போகும் டேட்டாபேஸின் பெயரை ஒருமுறை கையால் டைப் செய்யச் சொல்லிக் கேட்டது ஸ்கிரீன். சும்மா கேட்கவில்லை. எழுத்தெழுத்தாக அடிக்கும்போதாவது மனுஷிக்குப் புத்தி வந்து, ஐயையோ இதுவா என்று கை நின்றுவிடாதா என்ற நப்பாசைதான். ஆனால் வாண்டு அந்த வேலையில் ஊறிப்போனவள். மேலே இருந்த பெயரை அப்படியே காப்பி எடுத்துக் கீழே ஒட்டினாள். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு நகல் வேண்டுமா என்று கேட்ட கட்டத்தில் டிக்கை எடுத்தாள். இதிலிருந்து தினமும் தானாக எடுத்த பேக்கப்புகளும் கூடவே போய்விடும், தெரியும்தானே என்று கேட்ட கட்டத்தில் டிக் வைத்தாள். பட்டனை அழுத்திவிட்டு ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தாள். லீவு முடிந்து வந்த முதல் நாள் காலை. மேஜை மேல் இருந்த தூசியைத் துடைத்தாயிற்று, இதையும் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்றுதான் நினைத்தாள், பாவி.

வாண்டு என்பது அண்ணன் வைத்த பெயர். அவளுக்குத் தலையில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது, ஆபீஸில் அவளைப் பார்த்தால் நாலு பேர் பேச்சை நிறுத்துகிறார்கள், ஆனாலும் வீட்டு வாசலை மிதித்துவிட்டால் வாண்டுதான். அந்த அண்ணனுக்குச் சந்தையில் வைத்த பெயர் ரேடியோ. பழச் சந்தையில் ஏலம் விடுபவன். விடியற்காலை லாரி வந்து நின்றதும் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று தொண்டையைத் திறந்தான் என்றால், தெருக்கோடியில் தூங்குகிறவன் திட்டிக்கொண்டே எழுந்து உட்காருவான். மைக் கொடுத்தால் கோபம் வரும். "எனக்கு எதுக்குடா இது? மைக்குக்குத்தான் நான் வேணும்" என்பான். வாயை மூடத் தெரியாத மனிதன். தூக்கத்தில்கூடப் பேசுவான், அண்ணி பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வான்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை மொத்தமாக எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்று டாக்டர் சொன்னபோது அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாண்டு மட்டும் அழவில்லை. ஏனென்றால் அவள் வேலை பார்த்த சின்னக் கம்பெனியின் தொழிலே இதுதான். குரல் போகப் போகிறவர்கள் போவதற்கு முன்னாலேயே நிறையப் பேசிப் பதிவு செய்து கொடுத்துவிட வேண்டும். கம்பெனி அதைக் கிளவுடில் ஒரு டேட்டாபேஸில் பத்திரமாக வைத்திருக்கும். பிறகு அதிலிருந்து அவர்களுக்கென்றே ஒரு குரலைச் செய்து, அதையும் அங்கேயே வைத்து, போனில் ஓர் ஆப் வழியாகக் கொடுக்கும். அவர்கள் டைப் செய்தால் போன் பேசும், அவர்கள் குரலிலேயே. அந்த டேட்டாபேஸைக் கட்டிக் காப்பதுதான் வாண்டுவின் பொறுப்பு. "நீ பாட்டுக்குப் பேசு அண்ணா. மத்ததை நான் பாத்துக்கறேன். என் கையில இருக்கறவரைக்கும் ஒரு எழுத்து தொலையாது" என்று சொன்னாள். சொன்னாளே, அது ஒன்று போதாதா இப்போது நெஞ்சில் முள்ளாகக் கிடக்க.

முதல் தடவை ஆபீஸுக்கே கூட்டிவந்து, கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தாள். அதற்கப்புறம் எல்லாம் வீட்டில்தான். படுக்கை அறைக் கதவில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, கம்பெனி கொடுத்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படித்தான். படித்தோமா போனோமா என்று இல்லாமல் ஒவ்வொன்றையும் வம்புக்கு இழுத்தான். "'தயவுசெய்து ஜன்னலைச் சாத்துங்கள்.' எவன்டி வீட்டுல இப்படிப் பேசுவான்? 'ஜன்னல சாத்தித் தொலை'ன்னு எழுது, படிக்கறேன்." கொடுத்தது முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. அண்ணியோடு போடும் சண்டையைப் பதிவு செய்தான். சிரிப்பில் நாலு வகை செய்து காட்டினான். கடைசியாக, மகளைக் காலையில் எழுப்புகிற ஏலத்தைப் பதிவு செய்தான். "ஏலம் ஏலம்! போர்வைக்குள்ள ஒரு மூட்டை கெடக்கு. உள்ள என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. ஒரு தடவை... ரெண்டு தடவை..." மூன்றாம் தடவை சொல்வதற்குள் மகள் போர்வையை உதறிக்கொண்டு எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவுக்கு விற்றுவிடுவான். அதைப் பதிவு செய்துவிட்டு வெளியே வந்தவன் யாரோடும் பேசாமல் போய் முகம் கழுவிக்கொண்டான். அன்றுதான் வாண்டு முதல்முதலாக அவன் பேசாமல் இருந்து பார்த்தாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவனிடம் ஆஸ்பத்திரியில் ஒரு கருவியைக் கொண்டுவந்து காட்டினார்கள். கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் மெஷின் இரைகிற மாதிரி ஒரு பேச்சு வரும். ஒரே ஒரு தடவை அதில் மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தான். பிள்ளை ஓடிப்போய் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கருவியைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளையின் விளையாட்டுச் சிலேட்டை வாங்கி, இழுத்தால் அழிந்துபோகுமே அந்தச் சிலேட்டு, அதில் எழுதினான்: "இது வேணாம். என் குரல் வாண்டுகிட்ட இருக்கு."

ஆஸ்பத்திரியில் அண்ணியும் அவளும் மாறி மாறி இருந்தார்கள். ஆபீஸ் குரூப்பில் வந்து குவிந்த செய்திகளை அவள் படிக்கவில்லை. எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். அங்கே இருந்துதான் வினை.

இன்று காலை, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தாடி ஓடிவந்தான். தாடி அவளுக்கு அடுத்த இடத்தில் இருப்பவன். நல்ல வேலைக்காரன், கொஞ்சம் மறதி.

"மேடம், ஆப் சுத்தமா நின்னுடுச்சு. எதையாவது தொட்டீங்களா?"

"ஒண்ணும் இல்லையே. நீ விட்டுட்டுப் போன ரீஸ்டோர் காப்பியைத்தான் தூக்கினேன்."

தாடி குனிந்து அவள் ஸ்கிரீனைப் பார்த்தான்.

"எந்தக் காப்பி மேடம்?"

"ரீஸ்டோர்னு வால் வச்சிருந்ததே, அது."

"மேடம்... அதுதான் மேடம் இப்போ மெயின்."

கொஞ்சம் நின்று இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைக் கவனக்குறைவானவள் என்று நினைத்துவிடுவோம். அந்தக் கம்பெனியில் அவளைவிடக் கவனமான ஆள் கிடையாது. பேக்கப் எடுத்துக் குவிக்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அதிலிருந்து நிஜமாகவே திரும்ப வருகிறதா என்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? அவள் மாதாமாதம் பார்ப்பாள். பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்தால் அது பழைய டேட்டாபேஸின் மேலே போய் உட்காராது. பக்கத்திலேயே புதிதாக ஒன்று பிறக்கும். அதற்கு 'ரீஸ்டோர்' என்று வால் வைத்து, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழித்துவிடுவாள். ஒத்திகை. தாடி ஒத்திகை பார்த்தால் மட்டும் அழிக்க மறந்துவிடுவான். "தின்ன தட்டை அங்கேயே வச்சிட்டு எந்திரிச்சுப் போற மாதிரி போறியேப்பா" என்று அவள் எத்தனை தடவை திட்டியிருப்பாள். திட்டிக்கொண்டே தட்டை எடுப்பதும் அவள்தான்.

அவள் லீவில் போன இரண்டாம் நாள், யாரோ எழுதிய ஒரு புரோகிராம் தறிகெட்டு ஓடி, ஆப் ஓடிக்கொண்டிருந்த மெயின் டேட்டாபேஸில் இருந்த பதிவுகளை எல்லாம் வழித்துத் துடைத்துவிட்டது. தாடி பதறாமல் முந்தின நாள் பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்தான். பக்கத்தில் புதிதாக ஒன்று பிறந்தது, எல்லாக் குரல்களோடும். ஆப்பை அதன் பக்கம் திருப்பிவிட்டான். அவள் சொல்லிக் கொடுத்த மாதிரியே, பிசகில்லாமல். குரூப்பில் விளக்கமாக எழுதியும் போட்டான். பெயரை மட்டும் மாற்றவில்லை. பழைய மெயின் காலி வீடாக, மெயின் என்ற பெயர்ப் பலகையோடு அங்கேயே நின்றது.

"பழைய மெயினோட பேக்கப்?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரியும்.

"ஒரு வாரத்துக்குத்தான் மேடம் நிக்கும். இப்போ இருக்கறது எல்லாம் காலியான அப்புறம் எடுத்தது." தாடி அழுதுவிடுவான் போலிருந்தது. "நான் பேரை மாத்தியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"வாயை மூடு. உன் மேல என்ன தப்பு?" என்றாள்.

கிளவுட் சேவைக்காரர்களுக்குப் போன் போட்டாள். எடுத்தவன் தங்கமான பையன், அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டான். அழிக்கும்போது கடைசி நகல் வேண்டுமா என்று கேட்டிருக்குமே மேடம் என்றான். கேட்டது என்றாள். தானாக எடுத்த பேக்கப்புகளையும் சேர்த்து அழிக்கலாமா என்று கேட்டிருக்குமே என்றான். கேட்டது என்றாள்.

"அப்படீன்னா எங்களாலயும் எடுக்க முடியாது மேடம். எங்க கிட்டயும் இல்ல. ரொம்ப ஸாரி."

"உங்க கிட்ட எங்கயாவது ஒரு மூலையில இருக்கும் தம்பி. கொஞ்சம் பாருங்க."

"இல்ல மேடம்."

"அதுல என் அண்ணன் இருக்கான், தம்பி."

அவனுக்கு என்ன புரிந்திருக்கும்? ஸாரி மேடம் என்று மறுபடி சொன்னான். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. முன்பு ஒரு தடவை பெரிய மாற்றம் செய்வதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று அவள் கையாலேயே எடுத்து வைத்த பழைய நகல். கையால் எடுத்தது தானாகப் போகாது, அழித்தால்தான் போகும். அதை ரீஸ்டோருக்குப் போட்டுவிட்டு, ஸ்கிரீனில் அந்தச் சின்ன வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் வந்து பின்னால் நின்றார். எத்தனை பேர் குரல் என்று கேட்டார். அந்த நகலுக்கு அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் என்றாள். இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்களை மறுபடி கூப்பிட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். குரல் போய்விட்டவர்களை, ஆளே போய்விட்டவர்களை? அந்த வீடுகளில் யாரோ ஒருவர் இன்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவள் அந்த வீடுகளை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"வக்கீல் கிட்டப் பேசிட்டு நாமளே முறையா எல்லாருக்கும் தெரியப்படுத்துவோம்மா. அதுவரைக்கும் வெளிய யார் கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"வீட்டுல?"

மேனேஜருக்கு அப்போதுதான் ரேடியோ நினைவுக்கு வந்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே தன் அறைக்குப் போய்விட்டார்.

பழைய நகலில் அண்ணன் பெயர் இருந்தது. இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நொடி உயிர் வந்தது. திறந்தாள். ஒரே ஒரு பதிவு. முதல் நாள் கண்ணாடி அறையில் சோதித்துப் பார்த்தது. அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தை வைத்து யாரும் யாருக்கும் குரல் செய்ய முடியாது. சந்தையில் யார் யாரோ எடுத்த வீடியோக்கள் உண்டு, அவற்றில் அவன் கத்துவதும் உண்டு, சுற்றி நூறு பேர் கத்துவதும் உண்டு. மெஷினுக்கு அது ஆகாது. அவள் அந்த ஒரு பதிவைப் போனில் ஏற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள். பக்கத்தில் ஒருத்தி போனில் யாரையோ விடாமல் திட்டிக்கொண்டு வந்தாள். சொந்தக் குரலில் திட்டுகிறாளே, எவ்வளவு கொடுத்துவைத்தவள் என்று தோன்றியது வாண்டுவுக்கு.

அண்ணிதான் கதவைத் திறந்தாள். "என்னடி, இந்நேரத்துல? லீவு போட்டுட்டியா?" என்றாள். அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். கழுத்தில் இப்போது மூச்சு விடுவதற்கு ஓர் ஓட்டை, அதை மறைத்து வெள்ளைத் துணி. பாதியாக இளைத்திருந்தாலும் அவளைப் பார்த்ததும் ஸ்பூனை எடுத்து டம்ளரில் டங் டங் என்று தட்டினான். ஒரு தட்டு தட்டினால் அண்ணி, இரண்டு என்றால் வாண்டு, விடாமல் தட்டினால் மகள். சந்தையையே எழுப்பியவன் டம்ளரில் தட்டிக் கூப்பிடுகிறான். ஆனால் அவன் அதையும் சிரித்துக்கொண்டேதான் செய்தான், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று.

அவள் உட்காரவில்லை. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

"அண்ணா, உன் குரல் போயிடுச்சு."

அவன் சிலேட்டை எடுத்தான். எழுதிக் காட்டினான்: "அது போய்த்தான் மூணு வாரம் ஆச்சே, லூசு."

"அது இல்லண்ணா. நீ பேசிக் கொடுத்தது. அத்தனையும். நான்தான் அழிச்சுட்டேன். இன்னிக்குக் காலைல. என் கையால."

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. இழுத்து அழித்தான். எழுதினான். அவள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரு வார்த்தை.

"பேக்கப்?"

"அதுவும்."

அண்ணி சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். "நீதானே சொன்னே" என்றாள். "ஒரு எழுத்து தொலையாதுன்னு நீதானேடி சொன்னே. நான் கேட்டேன், போன்லயும் ஒண்ணு வச்சுக்கலாமான்னு. வேணாம் அண்ணி, அங்கதான் பத்திரம்னு நீதானே சொன்னே."

"ஆமா அண்ணி."

"வேற எவளாவது பண்ணியிருந்தா நேர்ல போயி அவ கையை முறிப்பேன். உன்னை என்னடி பண்றது? சொல்லு. உன்னை நான் என்ன பண்றது?"

அண்ணி உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாத்திரத்தில் நிரம்பி வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அப்போது ரேடியோ கத்தினான். கத்தத்தான் செய்தான். வாய் பெரிதாகத் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, பெட்டி மேல் ஏறி நின்று லாரிகளுக்கு மேலே கத்துவானே அதே முகம். ஒரு சத்தமும் வரவில்லை. துணிக்கு அடியிலிருந்து உஸ்ஸென்று வெறும் காற்று வந்தது. மறுபடி கத்தினான். மறுபடியும் காற்று. அது இருமலாக மாறி, சளி அடைத்து, முகம் கறுத்து, அண்ணி ஓடிவந்து துணியை விலக்கித் துடைத்துவிட வேண்டியதாயிற்று. வாண்டு பிடித்துக்கொள்ளப் போனாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். திட்டியாவது விடமாட்டானா என்று அவளுக்கு இருந்தது. இரண்டு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால் காலில் விழுந்து வாங்கிக்கொள்ளலாம். அந்தத் திட்டையும் அல்லவா அவள் அழித்துவிட்டாள்.

மூச்சு சீரானதும் சிலேட்டை இழுத்து அழித்துவிட்டு எழுதினான்: "ஒண்ணுமே இல்லையா?"

அவள் போனை எடுத்து அந்தப் பதிவை அவன் போனுக்கு அனுப்பினாள். "ஒண்ணு இருக்கு" என்றாள். அவன் அதைத் தொடவில்லை. போன் அவன் மடியில் கிடந்தது.

பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தாள். பையை ஒரு பக்கம் எறிந்தாள், செருப்பை ஒரு பக்கம் எறிந்தாள், அத்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அத்தை என்றைக்கு அப்பா குரலைக் கொண்டுவருவாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை. அப்பா மடியிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். "வந்துடுச்சா?" என்றாள். யாரும் தடுப்பதற்குள் அழுத்தியும்விட்டாள்.

"ஏய் வாண்டு, இது வேலை செய்யுதா இல்லையா?"

அறை முழுக்க அவன் குரல். சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அண்ணி வாசலுக்கு வந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா! அப்பா பேசுறாங்கம்மா!" என்று பிள்ளை குதித்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே. திரையில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"அடுத்தது எங்க அத்தை? என்னை எழுப்பறது எங்க?"

வாண்டு குனிந்து பிள்ளை எறிந்த செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அடுத்தது இன்னும் வரலையா?"

ரேடியோ மகளின் கையிலிருந்து போனை வாங்கினான். சுவரில் எறியப் போகிறான் என்று நினைத்தாள் வாண்டு. எறியட்டும், அதற்குப் பிறகாவது கொஞ்சம் மூச்சு வரும் என்று நினைத்தாள். அவன் எறியவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கருவியை எப்படிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படிப் போனைப் பிடித்துக் கழுத்தில் வெள்ளைத் துணியின் மேல் வைத்துக்கொண்டான். அவளையே பார்த்தான். வாயைத் திறந்தான். அழுத்தினான்.

"ஏய் வாண்டு, இது வேலை செய்யுதா இல்லையா?"

உதடு குரலுக்குக் கொஞ்சம் பிந்தி அசைந்தது. அன்றைக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தாள், செய்யுதுண்ணா, பேசு என்று. அது பதிவில் இல்லை. பதிவில் அதற்கப்புறம் இருப்பது, மேற்கொண்டு பேசுவதற்காக அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிற சத்தம். அதோடு முடிந்துவிடுகிறது. போனுக்கு அடியில் வெள்ளைத் துணி உள்வாங்கி, மெல்ல வெளியே வந்தது. அவன் மறுபடி அழுத்தினான்.